இரவல் நடை

திரையில் ஓடிக்கொண்டிருந்தது ஜெசிந்தா டீச்சரின் நடை இல்லை. கமலவேணிக்கு அதில் துளியும் சந்தேகம் கிடையாது. பத்து வாரமாகப் பார்த்துப் பார்த்து, கட்டின புருஷனின் நடையைவிட டீச்சரின் நடை அவளுக்கு அத்துப்படி ஆகியிருந்தது. டீச்சர் குதிகாலை அழுத்தி ஊன்றுவார். வகுப்புக்கு மணியடித்துவிட்டது போல ஒரே சீராக அடியெடுத்து வைப்பார். இப்போது வருகிற நடையில் வலது கால் கொஞ்சம் தாமதித்து வந்தது. பாதத்தின் வெளிப்பக்க ஓரத்தில் எடை விழுந்தது. பிறகு ஒரு சின்ன இழுப்பு.

மகளைச் சென்னையில் கல்லூரியில் சேர்த்துவிட்டு வர இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தாள். திரும்பி வந்து ஆய்வகத்தில் காலடி வைத்ததும் கண்ட காட்சி இது. பதிவைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். முந்தாநாள் காலையிலிருந்தே வேற்று ஆள் நடை.

டீச்சரின் தங்கை ரெஜினா நிலாவின் தென்முனை நிலையத்தில் வெல்டிங் பொறியாளர். போய் ஆறு வருடமாகிறது. இந்த ஆண்டு ஆரம்பத்தில் ஒரு குழாய்க்கட்டு சரிந்து விழுந்து அவளுடைய தொடையெலும்பில் ஒரு சாண் நீளம் நொறுங்கிப் போய்விட்டது. அந்த இடைவெளியில் வைக்கத்தான் கமலவேணியின் கூடு. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஆயிரக்கணக்கான துளைகள் கொண்ட உலோகத் துண்டு அது. துளைகளுக்குள் எலும்புக்கூழை அடைத்து வைத்தால், அந்தக் கூழ் வேர்விட்டு மேலெலும்பையும் கீழெலும்பையும் பிடித்துக்கொண்டு ஒரே எலும்பாக வளரும். வழக்கமாக நோயாளியின் இடுப்பிலிருந்தே கூழை எடுப்பார்கள். ஆறு வருடம் குறைந்த எடையில் வாழ்ந்ததில் ரெஜினாவின் இடுப்பெலும்பு பொரியாகிவிட்டிருந்தது. அதனால் திருச்சியில் அக்காவின் இடுப்பைச் சுரண்டி, உறைய வைத்து, சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. எடை விழுகிற இடத்தில்தான் எலும்பு வளரும். நிலாவில் ஆறில் ஒரு பங்கு எடைதான். அங்கே நாள் முழுக்க நடந்தாலும் கூழ் கூழாகவே கிடக்கும். ஆகவே பூமியில் இருக்கிற டீச்சருக்கு உணர்விகள் பதித்த ஒரு ஜோடிச் செருப்பு. நிலாவில் இருக்கிற ரெஜினாவின் தொடையில் ஒரு பட்டை. டீச்சர் பாலக்கரையில் ஓர் அடி வைத்தால், அடுத்த மூச்சுக்குள் அங்கே அந்தப் பட்டை அதே அளவில் தொடையை அழுத்தும். இங்கே நடை, அங்கே எலும்பு. மனிதர்கள் இப்படியெல்லாம் யோசித்தார்கள் என்பதே பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

இதில் கமலவேணி கண்டுபிடித்த விதி ஒன்று உண்டு. எலும்பு கொடுத்தவரே நடக்க வேண்டும். கூழில் இருக்கிற உயிரணுக்கள் தங்கள் சொந்தக்காரரின் நடையைத்தான் அடையாளம் கண்டு வேலை செய்யும், ஆள் மாறினால் ஒரே நாளில் அணைந்துவிடும் என்பது அவளுடைய வாதம். உலகம் முழுக்க ஒப்பந்தங்களில் அந்த வரி ஏறிவிட்டது. மைசூரில் மகனுக்கு எலும்பு கொடுத்த ஒரு தகப்பன் டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார்; இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார். கமலவேணி அவரைப் பற்றிக் கருத்தரங்குகளில் சொல்வாள். எல்லோரும் கை தட்டுவார்கள்.

ரெஜினாவின் கூட்டில் கீழே வெளிப்பக்கமாக ஒரு மூலை மட்டும் பத்து வாரமாகியும் பிடிக்கவில்லை. இதை அவள் குடும்பத்திடம் சொல்லவில்லை. அக்டோபரில் திரும்புகிற கப்பலுக்குள் அந்த மூலை நிறைந்தால்தான் அந்தக் கால் பூமியின் எடையைத் தாங்கும். அடுத்த கப்பல் ஒரு வருடத்துக்கு மேல் கழித்து. அதற்குள் மிச்ச எலும்புகளும் பொரியாகிவிடும். இந்தக் கப்பலை விட்டால் ரெஜினாவுக்குப் பூமி கிடையாது. தாயில்லாமல் அக்கா கையில் வளர்ந்த பெண், அக்காவைத் திரையில் மட்டுமே பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான்.

டீச்சரின் கைபேசி அணைந்திருந்தது. வீட்டுக்கு அடித்தாள். டீச்சரின் கணவர் ஸ்தனிஸ்லாஸ் சாவகாசமாக எடுத்தார்.

“டீச்சருங்களா? அவங்க வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்காங்களே. முந்தாநாள் காலைல கிளம்பினாங்க.”

“நடந்தா? சார், இடுப்பெலும்பு எடுத்த ஆளு!”

“நீங்கதானே டாக்டர் தினம் நடக்கச் சொன்னீங்க.”

கமலவேணி பல்லைக் கடித்துக்கொண்டாள். “சரி. கால்ல செருப்பு போட்டிருக்காங்களா?”

சோற்றை வாயால்தானே சாப்பிடுவீர்கள் என்று கேட்பது போல அவர் கேட்டார். “நேர்ந்துக்கிட்டு மாதாகிட்ட போறவங்க செருப்பு போட்டுக்கிட்டா போவாங்க?”

இப்படி ஒரு சிக்கல் வரும் என்று ஒப்பந்தம் எழுதிய எந்த வக்கீலுக்கும் தோன்றியிருக்காது. காய்ச்சல், விபத்து, வெளியூர்ப் பயணம் எல்லாவற்றுக்கும் அதில் விதி இருந்தது. வெறுங்காலில் போகிறேன் என்று மாதாவிடம் சொல்லிவிட்ட ஒருத்திக்கு மட்டும் விதி இல்லை. கமலவேணி காரை எடுத்தாள்.

தஞ்சாவூர் தாண்டியதும் சாலையோரம் முழுக்கக் காவிப் புடவைகளும் காவி வேட்டிகளுமாக இருந்தன. கூட்டம் கூட்டமாக, மாதா சொரூபம் வைத்த சின்னத் தேர்களை இழுத்துக்கொண்டு, பாடிக்கொண்டு போனார்கள். அங்கங்கே பந்தல் போட்டு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு கூட்டமாக நிறுத்தி, “திருச்சி பாலக்கரைங்களா?” என்று கேட்டுக்கொண்டே போனாள். ஆய்வக வெள்ளைக் கோட்டைக் கழற்ற மறந்திருந்ததால் மருத்துவ முகாம் என்று நினைத்து இரண்டு பேர் காலை நீட்டினார்கள். நீடாமங்கலம் தாண்டி, வெண்ணாற்றுக் கரையில் ஒரு புங்கமரத்தடியில் பாலக்கரைக் கூட்டம் உட்கார்ந்திருந்தது.

ஜெசிந்தா டீச்சர் மரத்தில் சாய்ந்து கால்களை நீட்டியிருந்தார். இரண்டு உள்ளங்காலிலும் பழைய துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தக்கறை. பக்கத்தில் ஒரு பருத்த பெண்மணி மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய காலில் சாம்பல் நிறச் செருப்பு பச்சை விளக்கைச் சிமிட்டியது.

“வாங்க டாக்டர்” என்றார் டீச்சர். “நீங்களும் நேர்ந்துக்கிட்டீங்களா?”

“டீச்சர், என்ன காரியம் பண்ணிட்டீங்க. இவங்க யாரு?”

“எதிர்வீட்டு ராபியா. எங்க தெருவுல தையக்கடை வச்சிருக்கா. எனக்குத் துணைக்கு வந்தா. அவளுக்கு நேர்ச்சை கிடையாது, செருப்பு போட்டுக்கலாம். ரெண்டு பேருக்கும் எடை ஒண்ணுதான், போன மாசம் ரேஷன் கடைத் தராசுல ஏறிப் பார்த்தோம்.”

“முதல்ல அதைக் கழட்டுங்க” என்றாள் கமலவேணி ராபியாவிடம்.

“கழட்டினா அங்க அந்தப் புள்ளைக்கு யாரு நடக்கறது?” என்றார் ராபியா, அசையாமல். “மூணு நாளா படுக்கற நேரம் போக நான் இதைக் கழட்டவே இல்லீங்க. என் கால் சின்ன வயசுல மாடியிலேருந்து விழுந்து ஒடிஞ்சு கோணலாச் சேர்ந்த கால். இருந்தாலும் ஒரு அடி குறைக்கல.”

அதுதான் அந்த இழுப்பு. ஒரு சாண் எலும்பு மூன்று நாளாக ஒரு கோணல் காலிடம் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

“நீங்கதான் நடக்கணும்னு அத்தனை தரம் சொன்னேனே டீச்சர். எழுதிக்கூடக் குடுத்தேனே.”

“படிச்சேன். கையெழுத்தும் போட்டேன். ஆனா அவளுக்கு அடிபட்ட சேதி வந்த அன்னிக்கே, அவ எழுந்து நடக்கணும், நான் வெறுங்கால்ல வர்றேன்னு மாதாகிட்ட சொல்லிட்டேன். உங்க பேப்பர் அப்புறந்தானே வந்துச்சு.”

“தங்கச்சி காலுக்காக நேர்ந்துக்கிட்டு, அந்தக் காலையே கெடுக்கறீங்க.”

டீச்சர் முகம் சுருங்கியது. “நானும் வேதியியல் எடுக்கறவதான் டாக்டர். நடக்கறது யாருன்னு எலும்புல இருக்கற சுண்ணாம்புக்கு எப்படித் தெரியும்னு உங்ககிட்ட கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன்.”

“சுண்ணாம்புக்குத் தெரியாது. அதுக்குள்ள இருக்கற உங்க உயிரணுக்களுக்குத் தெரியும்.”

“அந்தக் கூட்டுக்குள்ள என்னதாங்க இருக்கு?” என்று ராபியா இடையில் புகுந்தார். “எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு விளங்கல.”

கோபத்தில் இருந்தாலும், கூட்டைப் பற்றி யார் கேட்டாலும் கமலவேணியால் சொல்லாமல் இருக்க முடியாது. “ஆப்பத்துக்கு நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கும் பாருங்க, அது மாதிரி உலோகம். ஓட்டைக்குள்ள டீச்சரோட எலும்புக்கூழ். எடை விழ விழ கூழ் எலும்பாகும்.”

“கத்தரிக்காய்க்குள்ள மசாலா அடைக்கற மாதிரி.”

“அப்படித்தான். ஆனா சொந்தக்காரங்க எடைதான் விழணும். ஆட்டுக்குட்டிகள்ல வச்சுப் பார்த்தோம். வேற ஆட்டோட நடையைக் குடுத்தா வளரல.”

“வேற ஆட்டைக் கொண்டாந்து பக்கத்துல கட்டினா எந்தக் குட்டிதாங்க ஒழுங்காத் தின்னும்?” என்றார் ராபியா.

கமலவேணி கிளம்பும்போதே நிலா நிலையத்து டாக்டர் நிவேதனிடம் ரெஜினாவின் தொடையைப் படம் எடுக்கச் சொல்லியிருந்தாள். இப்போது அவர் அழைத்தார். உயிரணுக்கள் வேலை செய்கிற இடம் அந்தப் படத்தில் மஞ்சளாகத் தெரியும். வேலை நின்ற இடம் கறுப்பு. முழுக்கக் கறுப்பு என்று கேட்கத் தயாராகத்தான் கைபேசியைக் காதில் வைத்தாள்.

“மஞ்சள் அப்படியே இருக்கு” என்றார் நிவேதன்.

“சரியாப் பாருங்க. மூணு நாளா வேற ஆள் நடக்கறாங்க.”

ஒவ்வொரு பதிலுக்கும் நடுவில் நிலாவுக்குப் போய்த் திரும்புகிற அந்தச் சின்ன இடைவெளி. இன்று அது நீளமாக இருந்தது.

“அப்படியா? நல்ல ஆளாப் பார்த்துத்தான் விட்டிருக்கீங்க. அந்தக் கீழ் மூலை, பிடிக்கவே மாட்டேங்குதுன்னீங்களே, இப்ப அங்கயும் மஞ்சள் ஏறுது. வெளி ஓரமா எடை விழுது போல. இப்படியே போனா கப்பலுக்குச் சரியா இருக்கும்.”

கமலவேணி புல்லில் உட்கார்ந்துவிட்டாள். பத்து வாரமாக எந்த மூலைக்காக அவள் தூக்கமில்லாமல் கிடந்தாளோ, அந்த மூலையை ஒரு தையற்கடைக்காரரின் கோணல் கால் எழுப்பிவிட்டிருந்தது. விதி பொய். எலும்புக்கு நடை வேண்டும், அவ்வளவுதான். யாருடைய நடை என்று அது கேட்கவே இல்லை. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. மைசூரில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சுற்றிய அந்த மனிதரின் முகம் வந்தது. அவருக்குப் பதிலாக அன்றைக்கு அவருடைய மனைவி நடந்திருக்கலாம், வார்டு ஆயா நடந்திருக்கலாம். யாரும் நடந்திருக்கலாம்.

“இன்னொண்ணு” என்றார் நிவேதன். “ரெஜினா மூணு நாளா சரியாச் சாப்பிடல. கேட்டா சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கறாங்க. கொஞ்சம் பேசறீங்களா?”

ஒலிபெருக்கியைப் போட்டு நடுவில் வைத்தாள். ரெஜினாவின் குரல் தணிந்து வந்தது.

“டாக்டர், அக்காவுக்கு எப்ப ஆச்சு?”

“என்ன ஆச்சு?”

“மறைக்காதீங்க. மூணு நாளா என் கால்ல அக்கா இல்ல. வேற யாரோ நடக்கறாங்க. உயிரோட இருந்தா அவ இந்தச் செருப்பை இன்னொருத்தர் காலுக்குக் குடுப்பாளா?”

டீச்சர் தவழாத குறையாக வந்து கைபேசியைப் பிடுங்கினார். “அடியே, நான் இங்கதான்டி இருக்கேன். குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ஏன்டி இப்படிப் பேசற?”

இடைவெளி. பிறகு ரெஜினா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. “நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க டாக்டர். ‘குத்துக்கல்லாட்டம்’ கூடச் சேர்த்திருக்கீங்க.”

கமலவேணிக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போதெல்லாம் குரலை யாரும் நம்புவதில்லை. யாருடைய குரலையும் யாருடைய முகத்தையும் நிமிஷத்தில் செய்துவிடலாம். அதுவும் நெடுந்தொலைவு நிலையங்களில், துக்கச் செய்தி வேலையைக் கெடுத்துவிடும் என்று இறந்தவர்களை மாதக்கணக்கில் பேச வைத்த கதைகள் எல்லோரும் அறிந்தவை. ரெஜினா நம்புவதற்கு மிச்சம் இருந்தது அந்தத் தொடைப்பட்டை ஒன்றுதான். பத்து வாரமாக ஆய்வகத்தில் எவருக்கும் தோன்றாத ஒன்று இது. அங்கே எலும்பு வளர்ந்துகொண்டிருந்தபோது, ஒருத்தி இருட்டில் படுத்துக்கொண்டு தன் அக்கா நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

டீச்சர் கைபேசியைக் கீழே வைத்தார். தேரில் இருந்த மாதா சொரூபத்தை ஒரு தரம் பார்த்தார். “ராபியா, செருப்பைக் கழட்டு” என்றார்.

கமலவேணி காலையிலிருந்து கேட்க நினைத்த வார்த்தை அதுதான். இப்போது அதைக் கேட்டதும் அவளுக்குத் தாங்கவில்லை. “டீச்சர், வேண்டாம். இனிமே அதுக்கு அவசியமே இல்ல. யார் நடந்தாலும் வளருது. இத்தனை தூரம் ரத்தக்காலோட வந்துட்டு உங்க நேர்ச்சையை…”

“எலும்பு வளரும் டாக்டர். அவ சாப்பிட மாட்டா.”

“மாதா…”

“மாதாகிட்ட நான் பேசிக்கறேன்.”

துணி சுற்றிய கால்களைச் செருப்புக்குள் நுழைக்கும்போது டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ராபியா தோள் கொடுத்து எழுப்பிவிட்டார். டீச்சர் அந்தத் தோளையும் விலக்கிவிட்டு, ஆற்றங்கரை மண்பாதையில் தனியாக நடந்தார். கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்தார். குதிகாலை அழுத்தி, சீராக, வகுப்புக்குப் போகிற நடை. ஒவ்வோர் அடிக்கும் அவர் முகம் கோணியது, அடி மட்டும் கோணவில்லை. திருச்சியிலிருந்து பாடிக்கொண்டே வந்த கூட்டம் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கமலவேணி தன் வாழ்நாளில் எத்தனையோ இயந்திரங்களை, எத்தனையோ மூளைகளை வியந்திருக்கிறாள். அந்த மண்பாதையில் நடந்த இரண்டு கால்களுக்கு முன்னால் அவை எதுவும் நிற்காது என்று அவளுக்குத் தோன்றியது.

கைபேசியில் ஒரு விசும்பல்.

“அக்கா.”

“சொல்லுடி.”

“இடுப்பு வலிக்குதா? இடது பக்கம் சாய்ஞ்சு வைக்கற.”

“உனக்குக் குடுத்த இடம்தானே, வலிச்சா வலிச்சுட்டுப் போகுது.” டீச்சர் நடந்துகொண்டே கேட்டார். “ஏன்டி சாப்பிடல?”

“சாப்பிடறேன். இப்ப சாப்பிடறேன். அப்ப மூணு நாளா நடந்தது யாரு? கால் இழுத்து இழுத்து…” குரல் சட்டென்று நின்றது. “ராபியாக்காவா? ஸ்கூலுக்கு அவங்க பின்னாடியேதானே நடந்து போவேன். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு.”

ராபியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அடி போடி, உனக்காக மூணு நாளா என் முட்டி பூரியா வீங்கிக் கிடக்கு. இப்பவாவது தெரிஞ்சுதே.”

டீச்சர் திரும்பி வந்து மரத்தடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். துணி முழுக்க நனைந்திருந்தது. மறுபடி வெறுங்காலில்தான் போவேன் என்றார், மிச்ச வழிக்கு. ராபியா செருப்புக்காகக் கை நீட்டினார். முட்டி உண்மையிலேயே வீங்கித்தான் இருந்தது.

“இங்க குடுங்க” என்றாள் கமலவேணி. தன் காலணிகளை ஏற்கெனவே கழற்றி ஓரமாக வைத்திருந்தாள்.

“எலும்பு குடுத்தவங்கதானே நடக்கணும்?” என்றார் டீச்சர். அந்த வலியிலும் ஒரு குறும்பு.

“அது இன்னியோட போச்சு டீச்சர். ஊருக்கெல்லாம் நானே சொல்லிடறேன். முதல்ல மைசூருக்குப் பேசி அந்த மனுஷரை உட்காரச் சொல்லணும்.”

மைசூருக்குப் பேசினாள். அந்த மனிதருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “அப்ப எங்க வீட்டம்மா நடக்கலாமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் மன்னிப்புக் கேட்டதை அவர் காதில் வாங்கினாரா என்றுகூடத் தெரியவில்லை. காரைப் பந்தல்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டோடு, செருப்பின் வாரை இறுக்கிக்கொண்டு காவிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். தேர் நகர்ந்தது. பாட்டு மறுபடி ஆரம்பித்தது. அவள் செய்த கூட்டுக்காக அவள் ஓர் அடிகூட இதுவரை நடந்ததில்லை. கவனமாக, ஒவ்வோர் அடியாக, மேலே இருக்கிற அந்த மூலையை நினைத்துக்கொண்டு நடந்தாள். கூட்டத்தை எப்போது முந்தினாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

கோட்டுப் பையில் இருந்த கைபேசி பேசியது.

“இது யாரு? புது நடையா இருக்கே. ஓடறாங்களா?”

“நான்தான் ரெஜினா. கமலவேணி.”

நிலாவுக்குப் போய்த் திரும்புகிற அந்த இடைவெளி. அதற்குள் அவள் இன்னும் நாலு எட்டு வைத்திருந்தாள்.

“மெதுவா நடங்க டாக்டர்” என்றாள் ரெஜினா, வாயில் சோற்றோடு. “கப்பலுக்கு இன்னும் நாள் இருக்கு.”